சம்பந்தியின் ஊரை விசாரித்த கதை

மகள் ஒரு பெரு நாட்டுப் பையனைக் கலியாணம் செய்யப்போவதாகச் சொன்னதும் நாங்கள் ஊர் விசாரிக்கத் தொடங்கினோம். யாழ்ப்பாணத்து ஊரென்றால் இரண்டு போன் எடுத்தாலே மூன்று தலைமுறை வெளியே வந்துவிடும். அந்தீஸ் மலையில் இருக்கும் ஊரைப் பற்றி நாங்கள் இருக்கும் டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரில் யாரிடம் கேட்பது? வெட்கத்தை விட்டு, பையனையே கூப்பிட்டுச் சோறு போட்டுக் கேட்டோம்.

அவன் டெனிஷில் பொறுமையாகச் சொன்னான். நாலாயிரம் மீட்டர் உயரம். பஸ்ஸால் இறங்கி மூன்று மணித்தியாலம் நடக்க வேண்டும். முன்பு வெள்ளிச் சுரங்கம் இருந்ததாம். அது மூடியபிறகு சனம் கலைந்து, இப்போது நாற்பது வீடுதான். என் கணவர் கவனமாகத் தாளில் எழுதிக்கொண்டார்.

"ஆஸ்பத்திரி?" என்றேன்.

"ஆறு மணித்தியாலம்."

மகளுக்குச் சிறுவயதிலிருந்தே மூச்சிழுப்பு. படிப்பு முடிய ஊருக்குத் திரும்புவதுதான் அவன் எண்ணம் என்று முன்பொருமுறை அவளே சொல்லியிருந்தாள். இவளையும் கொண்டுபோய்விடுவானோ என்று நேரே கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கேட்டால் சண்டை பிடிப்பாள்.

அடுத்த ஞாயிறு அவனுடைய தாய் வீடியோவில் வந்தார். சிக்னலுக்காக ஒரு மேட்டில் ஏறி நின்றார். அவர் கையிலும் ஒரு தாள். உங்கள் ஊர் எங்கே, எத்தனை வீடு, ஏன் விட்டு வந்தீர்கள்? பையன் டெனிஷில் சொல்ல, மகள் தமிழில் சொன்னாள். நாங்கள் கடற்கரையையும் யுத்தத்தையும் சொன்னோம். பிறகு அவர் தயங்கித் தயங்கி ஏதோ கேட்டார்.

"தன்ர மகனை நீங்கள் இலங்கைக்குக் கூட்டிக்கொண்டு போயிடுவியளோ எண்டு கேக்கிறா," என்றாள் மகள்.

நான் சிரித்துவிட்டேன். "அவவின்ர மகன் உன்னை அங்க கூட்டிக்கொண்டு போவாரோ எண்டு நான் கிடந்து சாகிறன்."

"அது பழைய கதை. இஞ்ச டென்மார்க்கிலயே, பிரெடெரிசியாவில ரெண்டு பேருக்கும் வேலை கிடைச்சிட்டுது. அங்கதான் இருக்கப் போறம்."

அப்பாடா என்றிருந்தது. இரண்டு கிழமைக்குப் பிறகு அன்றுதான் ஒழுங்காக மூச்சு விட்டேன். பையன் அதையே தாய்க்குச் சொன்னான். அவர் கையிலிருந்த தாளை மடித்தார். பிறகு, எங்கள் வீட்டிலிருந்து பிரெடெரிசியா எவ்வளவு தூரம் என்று கேட்டார்.

"காரில ஒரு மணித்தியாலம்." சொல்லும்போதே எனக்குக் கூச்சமாக இருந்தது.

அவர் தலையாட்டினார். மகள் மெதுவாகச் சொன்னாள்: "மகளைப் பாக்கப் போகேக்க, தன்ர பிள்ளையையும் ஒருக்காப் பாக்கச் சொல்லுறா."