ஊசி போட்ட பிள்ளைக்கும் வந்த தட்டம்மை

1. முதல் தடிப்பு

அன்று காலை நான் காப்பகத்துக்குள் நுழைந்தபோது நாலு வயது ஜோசுவா மூலையில் சுருண்டு கிடந்தான். கண் சிவந்து, மூக்கு ஒழுகி, வெளிச்சம் பட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தேன். கன்னத்தின் உட்பக்கம் உப்பைத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். காதுக்குப் பின்னால் சிவப்புத் தடிப்பு தொடங்கியிருந்தது. தட்டம்மை. தாய்மார்கள் மணல்வாரி என்பார்கள்.

முதலிபாளையம் தொழிற்பேட்டையில் அது ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனி. இரண்டாயிரத்துக்குப் பிறகு சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர்கள் ஆடிட், ஆடிட் என்று கம்பெனியைச் சோதிக்க வர ஆரம்பித்தார்கள். இத்தனை பெண்கள் வேலை செய்கிறார்களே, பிள்ளைகளுக்குக் காப்பகம் உண்டா, நர்ஸ் உண்டா என்று கேட்டார்கள். அதனால் காப்பகம் வந்தது, நானும் வந்தேன். அதற்கு முன்னால் தாராபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வார்டில் இருந்தேன். கம்பெனியில் என் வேலை ஆடிட் நாளில் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு நிற்பது என்றுதான் மேனேஜர்கள் நினைத்திருந்தார்கள். நானும் ஆரம்பத்தில் அதை மறுத்துப் பேசவில்லை. சம்பளம் சரியாக வந்தது.

ஜோசுவாவின் அம்மா ஜெசிந்தாவுக்குத் தைத்து வரும் பனியன்களில் குறை பார்க்கும் செக்கிங் டேபிளில் வேலை. சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். வீட்டுக்காரருக்கு நிட்டிங் யூனிட்டில் நைட் ஷிப்ட். மண்ணரையில் வரிசை வீடுகள் உள்ள ஒரு காம்பவுண்டில் ஒற்றை அறை. ஜோசுவாவுக்கு அடுத்து பெனிட்டா என்று ஒரு பெண் குழந்தை. அப்போதுதான் ஒன்பது மாதம் முடிந்திருந்தது, தட்டம்மை ஊசி இன்னும் போடவில்லை. அவளும் எங்கள் காப்பகத்தில்தான் இருந்தாள்.

ஜெசிந்தாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவள் பிள்ளையைத் தூக்குவதற்கு முன்னால் சுவரைப் பார்த்தாள். அங்கே எச்.ஆர். மேனேஜர் ஒட்டிய அறிவிப்பு இருந்தது. 'தட்டம்மைத் தடுப்பூசி போட்ட குழந்தைக்குத் தட்டம்மை வராது.'

"இவனுக்கு ஒம்பதாம் மாசமே ஊசி போட்டாச்சுல்லா சிஸ்டர். பெறவு எப்படி வந்துச்சு?" என்றாள்.

அந்த அறிவிப்பு ஒட்டிய அன்றைக்கே 'வராது' என்று எழுத வேண்டாம் என்று மேனேஜரிடம் சொல்லியிருந்தேன். "ஆடிட்டருக்குச் சுருக்கமா இருக்கோணுங்க சிஸ்டர். நீங்க சொல்றதையெல்லாம் எழுதுனா செவுரு பத்தாதுங்க" என்றார். இப்போது அதற்குப் பதில் சொல்ல நான்தான் நிற்க வேண்டியிருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது.

2. பெரிய பாய், சின்னப் பாய்

ஜோசுவாவோடு நிற்கவில்லை. அடுத்தடுத்து நாலு பிள்ளைகளுக்குக் காய்ச்சல். தடிப்பு வந்த பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினேன். மீதி இருந்தவர்களை இரண்டாகப் பிரித்தேன். கட்டிங் வேஸ்ட் துணியைத் திணித்துத் தைத்த இரண்டு பாய்கள் எங்களிடம் இருந்தன. ஊசி போட்ட பிள்ளைகள் பெரிய பாயில், ஹாலில். ஊசி போடாதவர்கள் சின்னப் பாயில், பக்கத்து அறையில். ஊர் மாறி வந்ததில் ஊசி விட்டுப்போனவர்கள், ஒன்பது மாதம் ஆகாதவர்கள் என்று அந்த அறையில் எட்டுக் குழந்தைகள். ஹாலில் நாற்பதுக்கு மேல்.

அந்த எட்டுப் பேரை வீட்டுக்கே அனுப்பியிருக்கலாமே என்று பிற்பாடு ஒரு டாக்டர் என்னிடம் கேட்டார். அனுப்பியிருக்கலாம். வீடு என்பது பத்துக்குப் பத்து அறை, அடுத்த கதவுக்குள் ஒரு தட்டம்மைப் பிள்ளை. காப்பகத்திலாவது ஜன்னல் இருந்தது.

பத்துப் பதினைந்து நாளில் பத்துப் பிள்ளைகளுக்கு வந்துவிட்டது. அதில் ஐந்து பேர் ஊசி போட்டவர்கள், ஐந்து பேர் போடாதவர்கள். இந்தக் கணக்கு டீ டைமுக்குள் கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது. இங்கேயும் அஞ்சு, அங்கேயும் அஞ்சு, அப்புறம் ஊசி எதுக்கு என்பதுதான் பேச்சு. ஊசியில் வெறும் தண்ணிதான் இருக்கிறது என்று ஒருத்தி சொன்னாள். கரண்ட் போனதில் மருந்து கெட்டுப்போயிருக்கும் என்றாள் இன்னொருத்தி. அது நடக்காத விஷயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. நடந்திருந்தால் ஒரே ஊரில் போட்ட பிள்ளைகளுக்குக் கூட்டமாக வந்திருக்கும். வந்த ஐவருக்கும் ஊசி போட்டது ஐந்து ஊரில்.

முதலாளி என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். மூலனூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருந்த குடும்பம், மரியாதையாகத்தான் பேசுவார். அவருக்கு ஷிப்மென்ட் கவலை. தாய்மார்கள் லீவு போட்டால் சரக்கு கப்பலுக்கு நேரத்தில் தயாராகாது, பல மடங்கு செலவில் விமானத்தில் அனுப்ப வேண்டும்.

"ஏனுங்க சிஸ்டர், அந்த ஊசி வேலை செய்யுதுங்களா, இல்லீங்களா? ஒரே வார்த்தைல சொல்லிப்போடுங்க."

"செய்யுதுங்க. ஆனா போட்ட எல்லாப் புள்ளைக்கும் புடிக்காதுங்க. பத்துல ஒண்ணு ரெண்டு தப்பிப்போயிருமுங்க."

"அதென்னுங்க பதில்? அவங்ககிட்ட இப்படிச் சொன்னா ஆரு போடுவாங்க? நூத்துக்கு நூறுன்னு சொல்லீருங்க."

"அப்படித்தானுங்க செவுத்துல எழுதியிருக்குது. அதைத்தானுங்க இப்பப் படிச்சுக் காட்டறாங்க."

அவர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் பேனாவைத் திறந்து மூடினார். அறிவிப்பை எடுத்துவிடச் சொல்லி முதலாளி எழுந்துவிட்டார்.

3. செக்கிங் டேபிளில்

அடுத்த புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போடும் நாள். சின்னப் பாயில் அப்போது மூன்று குழந்தைகள்தான் மிச்சம். அதில் பெனிட்டாவும் ஒருத்தி. வார்டில் இருந்த காலத்தில் இந்த வயதுப் பிள்ளைகள் தட்டம்மைக்குப் பிறகு மூச்சுத்திணறி வருவதைப் பார்த்தவள் நான். எல்லோரும் திரும்பிப் போகவில்லை.

முந்தின நாள் மத்தியானம் செக்கிங் டேபிளுக்கே போனேன். ஜெசிந்தா கழுத்துத் தையலை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் நாலைந்து பெண்கள்.

"போன புதனே கேட்டேன், யோசிச்சுச் சொல்றேன்னே. நாளைக்கு பெனிட்டாவுக்கு ஊசி போட்டுரலாங் கண்ணு" என்றேன்.

"வேண்டாம் சிஸ்டர். மூத்தவனுக்குப் போட்டு என்னத்தக் கண்டோம்? அதுவும் வீட்டுல அம்மை கெடக்கு. நாங்க வேதக்காரங்கதான், ஆனா மூணு தண்ணி ஊத்துறதுக்கு முந்தி ஊசி ஏத்தக்கூடாதுன்னு காம்பவுண்டே சொல்லுது. நான் எதுத்துப் பேசிட்டு அங்க இருக்க முடியுமா?"

"ஊசி உன்ற மூத்தவனுக்கு இல்ல. அம்மை இல்லாத புள்ளைக்கு. ஊட்லயும் போடப்போறதில்ல, சுகாதார நிலையத்துல போடறோம்."

நான் டேபிள் மேல் இருந்த பீஸ்களைத் தள்ளி உட்கார்ந்தேன்.

"ஒண்ணு சொல்லு. ஒரு லைன்ல நாப்பது பீஸ் வருது, அஞ்சு ரிஜெக்ட். இன்னொரு லைன்ல எட்டே பீஸ், அதுலயும் அஞ்சு ரிஜெக்ட். ரெண்டும் அஞ்சுதானேன்னு உட்ருவியா?"

"எட்டுல அஞ்சு போனா அந்த லைன நிறுத்திப்புடுவாவ" என்று பக்கத்தில் இருந்தவள் சொன்னாள். ஜெசிந்தா அவளை முறைத்தாள்.

"அந்த எட்டுதான் சின்னப் பாய். நாப்பதுதான் பெரிய பாய். நீங்களே தினம் பால் குடுக்க வரும்போது பாக்கறீங்க. எந்தப் பாய் காலியாச்சு?"

கையில் இருந்த பீஸை வைத்துவிட்டு ஜெசிந்தா கேட்டாள்.

"ரிஜெக்ட்டுன்னா ஆல்ட்ரேஷனுக்கு அனுப்பலாம் சிஸ்டர். எம்பிள்ளைய எங்க அனுப்ப? அந்த அஞ்சுல எம்மவனும் ஒருத்தன்லா?"

ஆமாம், அவனும் ஒருத்தன்தான் என்றேன். அவள் கண் கலங்கியது. கணக்குச் சரியாக இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன், அவள் கேட்டது கணக்கு இல்லை.

அதற்குப் பிறகுதான் நான் பேச வேண்டியதைப் பேசினேன். ஒன்றையும் மறைக்கவில்லை.

"இன்னும் ஒண்ணு கேட்டுக்க. பெனிட்டாவுக்கு ஊசி போட்டாலும் வரலாம். அண்ணன் பக்கத்துல படுத்திருந்தவ. அம்மை ஏற்கனவே உள்ள பூந்திருந்தா இந்த ஊசி அதைத் தடுக்காது. கொஞ்சம் லேட்டாயிருச்சு. பூந்திருக்கலேன்னா காப்பாத்தும். எதுன்னு எனக்குத் தெரியாது. அப்பறம் ஊசி போட்ட ஒரு வாரத்துல லேசாக் காய்ச்சலும் வரும், அது ஊசிக் காய்ச்சல். இத்தனையும் தெரிஞ்சும் எம்புள்ளையா இருந்தா நான் போடுவேன்."

"நீங்க போடுவியளா?"

"போடுவேன்."

அவள் அடுத்த பீஸை எடுத்துக்கொண்டாள். மறுநாள் காலை பெனிட்டாவைத் தூக்கிக்கொண்டு கேட்டில் நின்றாள். கம்பெனி வேனில் கூட்டிப்போய் ஊசி போட்டோம். சின்னப் பாயில் இருந்த மற்ற இரண்டு பேரும் ஒன்பது மாதம் ஆகாதவர்கள். அவர்களைப் பாட்டி வீடுகளுக்கு அனுப்பிவைத்தோம்.

4. அடுத்த புதன்

அதற்குள் இரண்டு பாய்க் கணக்கு மண்ணரைக் காம்பவுண்டுக்கும் போய்ப் பேச்சு மாறியிருந்தது. வேறு வேறு யூனிட்களில் வேலை செய்யும் பத்துப் பன்னிரண்டு தாய்மார், பெனிட்டா நன்றாக இருந்தால் அடுத்த புதன் தங்கள் பிள்ளைகளுக்கும் போடுகிறோம் என்றார்கள். ஊரே ஒரு குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு ராத்திரி தூக்கம் சரியாக இல்லை.

செவ்வாய்க்கிழமை ஜெசிந்தா வேலைக்கு வரவில்லை. சாயங்காலம் நானே மண்ணரைக்குப் போனேன். பெனிட்டாவுக்கு உடம்பெல்லாம் தடிப்பு, அனலாய்க் காய்ச்சல். ஊசிக் காய்ச்சல் அப்படி இருக்காது. இது தட்டம்மைதான். ஜெசிந்தா என்னைப் பார்த்துவிட்டுக் குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"பாத்தியா, ஊசி போட்டுத்தான் வந்திருக்கு" என்றாள் வீடுகளை வாடகைக்கு விட்டிருந்த காம்பவுண்ட்காரம்மா. "நாளைக்கு ஒருத்தரும் போக வேண்டாமுங்க."

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் ஜெசிந்தா திரும்பினாள்.

"ஊசியால வரல. ஊசிக்கு முந்தியே பிள்ளைக்குள்ள வந்துட்டு. இப்படி ஆவும்னு சிஸ்டர் சொல்லித்தான் போட்டாவ. நான் யோசிச்சுக்கிட்டே நாளக் கடத்திட்டேன். நீங்க கடத்தாதீங்க."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவளோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். வைட்டமின் ஏ சொட்டு கொடுத்தார்கள், நெஞ்சுச் சளிக்கு வார்டில் வைத்தார்கள். நாலாவது நாள் பெனிட்டா கஞ்சி குடித்தாள். அதற்குப் பிறகும் ரொம்ப நாள் அவளுக்கு ஒரு காதில் சீழ் வடிந்துகொண்டிருந்தது.

நான் வார்டில் இருந்த அந்தப் புதன்கிழமை மண்ணரையிலிருந்து எத்தனை பேர் வருவார்கள் என்று எனக்குத் தெரியாது. சுகாதார நிலையத்து நர்ஸ் பிறகு சொன்னார், வருகிறோம் என்று சொன்னவர்களில் இரண்டு பேரைத் தவிர எல்லோரும் பிள்ளைகளோடு வந்தார்களாம்.

முதலாளிக்கு இது புரியவேயில்லை. "அந்தப் புள்ளைக்கே வந்துருச்சு, அப்பறமும் எப்படிங்க போட்டுக்கிட்டாங்க?" என்று கேட்டார். வரலாம் என்று முன்னாலேயே சொல்லியிருந்தேன் என்றேன். அவர் சிரித்தார், நான் ஏதோ சமாளிக்கிறேன் என்று நினைத்திருப்பார்.

இப்போது ரெண்டாவது டோஸ் வந்துவிட்டது, முதல் டோஸில் தப்பிப்போகிறவர்கள் அதில் பிடிபடுகிறார்கள். புதிதாக வேலைக்கு வரும் நர்சுகள் என்னிடம் கேட்பது ஒன்றுதான், சந்தேகப்படுகிற தாயை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று. ஊசியால் என்ன முடியாது என்பதை முதலில் சொல்லுங்கள், அது நடந்துவிட்டால் உங்களுக்காகப் பேசுவதற்கு அந்தத் தாய் இருப்பாள் என்று சொல்வேன்.