அண்டர்ட்ரேக்குள் மறைந்த நம்பர்

இன்று காலை தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் என் பைக்கின் பின் மட்கார்டைக் கழற்றிவிட்டு, அதற்குப் பதிலாக இரத்தினபுரியில் வாங்கிய அண்டர்ட்ரே என்ற சின்னப் பிளாஸ்டிக் தட்டைச் சீட்டுக்கு அடியில் பூட்டினேன். நம்பர் பிளேட் சாய்ந்து பாதி உள்ளே போய்விட்டது.

"ரோட்டெல்லாம் ஆமி நிக்கிற நெலமையில இப்புடியே போறீங்களா? செக்பொயின்ட்ல புடிச்சிருவாங்க," என்றாள் மனைவி.

போனேன்.

றக்வானை டவுனுக்கு முன்னால் செக்பொயின்டில் ஒரு சிப்பாய் கை காட்டி நிறுத்தினார். அடையாள அட்டையில் என் தமிழ்ப் பெயரை வாசித்துவிட்டுப் பைக்கின் பின்னால் குனிந்தார்.

"நம்பர் எக்க கோ?"

நம்பர் எங்கே என்கிறார். அண்டர்ட்ரேக்கு அடியில் விரலைக் காட்டினேன்.

அவரே பிளேட்டை வெளியே இழுத்து வாசித்தார். உடனே வீட்டுக்குப் போய் மாற்றச் சொல்லி அட்டையைத் தந்தார்.

வந்து பழைய மட்கார்டையே பூட்டிவிட்டேன்.

புத்தம்புது அண்டர்ட்ரே ஒன்று இருக்கிறது. நம்பர் கேட்காத ஊரில் யாராவது இருந்தால் சொல்லுங்கள், சும்மாவே தருகிறேன்.