காயில் போட்ட உப்பு

அப்பாவுக்கு ரத்தம் கழுவ ஆரம்பித்த வாரத்தில், கிள்ளானில் உள்ள டயாலிசிஸ் மையத்தில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். என்ன சாப்பிடலாம், எதைத் தொடவே கூடாது என்று ஒரு பக்கம் மலாயிலும் மறுபக்கம் ஆங்கிலத்திலும் அச்சடித்திருந்தது. எங்கள் வீட்டுக்கு எந்தத் தாள் வந்தாலும் அது என் கைக்குத்தான் வரும். தண்ணீர் பில்லிலிருந்து அப்பாவின் லோரி லைசென்ஸ் கடிதம் வரை பத்து வயது முதல் நான்தான் படித்துச் சொல்லி வருகிறேன். அப்பாவும் அம்மாவும் படிக்காதவர்கள். நான் படித்துச் சொன்னால் அவர்கள் இரண்டாவது கேள்வி கேட்டதில்லை.

தாள் சொன்னது இரண்டே விஷயம்தான். உப்பைக் குறைக்க வேண்டும். பொட்டாசியத்தைக் குறைக்க வேண்டும். உருளைக்கிழங்கு, கீரை, தக்காளி, வாழைப்பழம், இளநீர் எதுவும் ஆகாது. மற்ற காய்களையும் பொடியாக நறுக்கி ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்.

அம்மாவால் அதைத் தாங்க முடியவில்லை. காய் வெந்த தண்ணீரை ரசத்தில் சேர்த்தே பழகியவர்.

“சத்தெல்லாம் சிங்க்குல போவுதுடா. அப்புறம் எதத்தான் திங்கறாரு மனுசன்?”

“அந்தச் சத்துதாம்மா அவருக்கு விஷம்.”

“நல்லா படிச்சியா?”

“படிச்சேம்மா.”

அம்மாவுக்குத் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை, பிற்பகல் ஷிப்ட். மதியமே தொழிற்சாலை பஸ் வந்துவிடும். அதனால் இரவுச் சாப்பாடு என் பொறுப்பானது. பிரிக்பீல்ட்ஸில் அலுவலகம் முடிந்து, ரயில் பிடித்து, வீடு வந்து நான் அரிவாள்மனையைத் தேடும்போது ஏழு மணி இருக்கும்.

அப்பா சாப்பிட மறுத்தார். கோபித்துக்கொண்டு மறுத்திருந்தால் சமாதானப்படுத்தியிருக்கலாம். அவர் இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிடுவார், அவ்வளவுதான். கருவாடும் மிளகாய்ச் சம்பாலும் இல்லாமல் ஒருநாளும் சாப்பிடாதவர். வேகவைத்துப் பிழிந்த முட்டைக்கோஸைப் பார்த்து ஒருநாள் சொன்னார்:

“மாட்டுக்குக்கூட உப்புக்கல்லு கட்டித் தொங்க விடுவாங்கடா. நான் என்ன பாவம் பண்ணேன்?”

இரண்டு மாதத்தில் சட்டை தோளில் தொங்கியது. அவரைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்த சதை எங்கேயோ போய்விட்டது. மையத்தில் இருந்த நர்ஸ் அக்கா என்னைத் தனியே கூப்பிட்டு, “தம்பி, இப்படியே சாப்பிடாம இருந்தா மெஷின்கூடத் தாங்க மாட்டாரு. எப்படியாவது சாப்பிட வைங்க” என்றார்.

அன்றிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். பரீட்சைக்குப் படித்ததுபோலவே காய்களைப் படித்தேன். புடலங்காயை வளையமாக வெட்டி, வேகவைத்து, அரிசி மாவில் மிளகு சேர்த்துப் புரட்டிப் பொரித்தேன். பயத்தங்காயை மிகப் பொடியாக அரிந்து முட்டை வெள்ளையோடு கிளறினேன். தவ்கேயை, அதாவது முளைப்பயிறை, கடுகும் பூண்டும் கருக வறுத்த எண்ணெயில் ஒரு புரட்டு. முட்டைக்கோஸ் இலைக்குள் மசாலா வைத்துச் சுருட்டி ஆவியில் வைத்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தன. அப்பா ஒவ்வொன்றையும் விரலால் திருப்பிப் பார்ப்பார்.

“பொம்ம மாதிரி அழகா இருக்குலா.”

“சாப்ட்டுப் பாருங்கப்பா.”

“பொம்ம மாதிரியேதான் இருக்கு.”

குறை உப்புதான். அது எனக்கும் தெரிந்தது.

ஒருநாள் ரயிலுக்கு நேரமிருந்ததால் ஸ்டேஷன் பக்கத்து சூப்பர்மார்க்கெட்டில் நுழைந்தேன். அங்கே ஒரு பொட்டலம். சோடியம் குறைத்த உப்பு என்று முன்பக்கம் பெரிய எழுத்தில், பக்கத்தில் ஓர் இதயப் படம். கடையிலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒன்று இருப்பது எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியவே தெரியாது, படித்ததனால்தான் தெரிகிறது என்று நினைத்தேன். அந்த நினைப்பை இப்போது எழுதவும் கூசுகிறது.

அன்று புடலங்காய் வளையத்தில் அந்த உப்பைத் தூவினேன். அப்பா ஒன்றைத் தின்றார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார்.

“இன்னிக்குத்தான்டா நாக்குக்கு வெளங்குது.”

மூன்று வாரம் எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு நடந்தது. அப்பா சோறு கேட்டு வாங்கினார். அம்மா வேலையிலிருந்து வந்து காலிப் பாத்திரங்களைப் பார்த்து, “எனக்கு ஒன்னு வைக்கக்கூடாதா?” என்று பொய்யாகச் சண்டை பிடித்தார்.

அப்பாவுக்குச் செவ்வாய், வியாழன், சனி என்று மூன்று நாள் மெஷின். சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவில் இடைவெளி அதிகம். நான்காவது வாரத் திங்கட்கிழமை காலை, நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, குளியலறையில் நாற்காலியிலிருந்து அவரால் எழ முடியவில்லை. “காலு என்னோடதாவே இல்லடா” என்றார். ஆம்புலன்ஸில் கொண்டுபோனோம்.

பொட்டாசியம் ஏறி, இதயத் துடிப்பு தாறுமாறாக இருக்கிறது என்றார்கள். உடனே மெஷினில் போட ஏற்பாடு நடந்தது. இளம் மலாய்ப் பெண் டாக்டர் என்னைப் பார்த்து, யார் சமைக்கிறீர்கள், என்ன போட்டுச் சமைக்கிறீர்கள் என்று விடாமல் கேட்டார். நான் நோட்டைத் திறந்து காட்டினேன். காய் வேகவைத்த நிமிடம்கூட அதில் இருந்தது. அவர் நம்பாமல் மறுபடி கேட்டார். நான் நோட்டையே புரட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் படுக்கையிலிருந்து அப்பா கையைத் தூக்கினார்.

“டொக்டர். சாயா மக்கான் பிசாங். டுவா.”

வாழைப்பழம் சாப்பிட்டேன், இரண்டு. டாக்டர் பெருமூச்சு விட்டு எழுதிக்கொண்டார். கேள்விகள் அதோடு நின்றன.

நான் அப்பாவை விடவில்லை. மூன்று நாள் கழித்து வீட்டுக்கு அழைத்து வந்தபோது, காரிலேயே ஆரம்பித்தேன். “எத்தன தடவ படிச்சுக் காட்டினேன்? ஒரு வாழப்பழத்துக்கு உயிரக் குடுப்பீங்களா? நான் ராத்திரி ராத்திரி நின்னு சமைக்கிறது உங்களுக்கு வெளையாட்டா?” அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். “சரிடா, இனிமே இல்ல” என்று மட்டும் சொன்னார். அன்றும் மறுநாளும் அதே உப்பைப் போட்டுத்தான் அவருக்குக் காய் சமைத்தேன். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் நொந்திருப்பாரே என்று ஒரு சிட்டிகை கூடவே போட்டேன்.

சனிக்கிழமை மையத்தில் நர்ஸ் அக்கா கேட்டார்: “அங்கிள் வீட்ல நல்லா சாப்பிடறாராமே? இங்க எல்லார்ட்டயும் உங்க சமையல் பெருமதான். என்ன தம்பி ரகசியம்?”

சொல்ல எனக்கு ஆசை. கைப்பேசியில் உப்புப் பொட்டலத்தின் படத்தைக் காட்டினேன். அவர் முகம் மாறியது.

“பின்பக்கம் படிச்சீங்களா?”

படத்தை விரலால் பெரிதாக்கினார். பொடி எழுத்தில் இருந்தது: பொட்டாசியம் குளோரைடு. சோடியத்தைக் குறைத்த இடத்தில் அதைத்தான் நிரப்பியிருந்தார்கள். ஐந்தாம் படிவ வேதியியல் தாளில் அந்தப் பெயரை எழுதி நான் மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். காய்களிலிருந்து கழுவிக் கழுவிக் கொட்டியதை, நானே என் கையால் திரும்பத் தூவியிருக்கிறேன்.

அக்கா என்னைத் திட்டவில்லை. அவசரமாக ரத்தம் எடுக்கப் போனார். நல்ல வேளை, அன்று மெஷின் நாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நான்கு மணி நேரம் நின்றேன்.

காரில் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பஞ்சு ஒட்டிய கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“உப்பா? எனக்கு எப்படிடா தெரியும் அது.”

“அப்ப அந்த வாழப்பழம்?”

“எந்த வாழப்பழம்?”

“டாக்டர்கிட்ட சொன்னீங்களே.”

“அந்தப் பொண்ணு உன்னையே கேட்டுக்கிட்டு இருந்துச்சு. நீ நோட்ட வச்சிக்கிட்டு முழிச்சிக்கிட்டு நின்ன. எதயாச்சும் சொன்னா விட்ருவாங்கன்னு சொன்னேன்.”

“செத்திருப்பீங்கப்பா.”

“படிச்ச புள்ளய நாலு பேர் முன்னால அப்படிக் கேட்டா நல்லாவா இருக்கு?” என்றார். பிறகு, “அந்த உப்பக் கொட்டிட்டியா?” என்று கேட்டார்.

“போனதும் கொட்டிடுவேன்.”

“நல்ல உப்பு” என்றார்.

அது நடந்து ஒரு வருடமாகப் போகிறது. இப்போதும் நான்தான் சமைக்கிறேன். எந்தப் பொட்டலமானாலும் பின்பக்கத்தை முதலில் படிக்கிறேன், சில நேரம் இரண்டு முறை. புடலங்காய் வளையத்தில் உப்புக்குப் பதில் வினிகரும் மிளகும் வறுத்த பூண்டும் போட்டுப் பார்க்கிறேன். அப்பா வாய்க்குச் சரியில்லை என்று அதன்பிறகு ஒருநாளும் சொன்னதில்லை. மாட்டுக்கு உப்புக்கல் கட்டுகிற பேச்செல்லாம் நின்றுபோனது.

“எப்படிப்பா இருக்கு?”

“நல்லா இருக்கு.”

போன வாரம் குப்பைப் பையைக் கட்டும்போது, மேலாக ஒரு டிஷ்யூ உருண்டை கிடந்தது. கனமாக இருந்ததால் பிரித்தேன். உள்ளே ஏழு புடலங்காய் வளையங்கள். ஒன்றிலும் பல் படவில்லை. அதை அப்படியே மடித்துப் பைக்குள் வைத்துக் கட்டினேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

மறுநாள் பயத்தங்காய். ஒரு வாய் தின்றுவிட்டு, நான் கேட்பதற்கு முன்பே, “நல்லா இருக்குடா” என்றார்.

“இன்னும் கொஞ்சம் வைக்கவாப்பா?”

என் முகத்தைப் பார்த்தார்.

“வை” என்றார்.