அண்ணன் கையிலிருப்பது தேங்காய் அன்று

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரை வாங்கும் உறவினர்களும் நண்பர்களுமான நீங்கள் முதலில் அட்டைப் படத்தைத்தான் பார்ப்பீர்கள். அதில் அண்ணன் மார்போடு அணைத்திருப்பதைப் பார்த்து, "எதுக்கு மட்டைத் தேங்காயோட போட்டோ?" என்று பெரியப்பா அச்சகத்திலேயே கேட்டுவிட்டார். அது தேங்காய் அன்று, பந்து. அதைச் சொல்லாமல் அண்ணனைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் பிறந்தது மயிலாப்பூரில், சித்திரைக்குளத்தின் அருகே. அவர் கல்லூரியில் சேர்ந்த ஆண்டே அப்பா காலமானார். அன்று முதல் வீட்டைத் தாங்கியவர் அண்ணன்தான். காலையில் பால் வாங்கி வருவார், மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போவார், திரும்பி வந்து எனக்கும் சொல்லிக்கொடுப்பார். முணுமுணுத்ததே இல்லை. அதிகம் பேசியதும் இல்லை. அவர் வாய்விட்டுச் சிரித்ததை நான் பார்த்தது அந்தப் பந்து வந்த பிறகுதான்.

அது யுத்த காலம். கல்லூரியில் சரித்திரம் நடத்திய அமெரிக்கப் பேராசிரியர் ஒருவர், தம் நாட்டுக் கால்பந்தைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். பெயர்தான் கால்பந்து; பந்து உருண்டையாக இராது, மட்டைத் தேங்காய் போல நீண்டு இரு முனையும் கூம்பியிருக்கும். ஒருவர் கையால் எறிய வேண்டும், மற்றவர் பிடித்துக்கொண்டு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டி ஓட வேண்டும். வழியில் யார் வேண்டுமானாலும் மேலே விழுந்து அமுக்கலாம். சென்னையில் வேறு எந்தக் கல்லூரிக்கும் இந்தப் பைத்தியம் பிடிக்கவில்லை. ஆகவே இவர்களுக்கு எதிரணியே கிடையாது. கடைசியில் பரங்கிமலைப் பக்கம் முகாமிட்டிருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் ஆட ஒப்புக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் ஒரு பீரோ அளவு இருப்பார்கள். அண்ணன், அம்மாவின் பழம்புடவைக்குள் பஞ்சு வைத்துத் தைத்துத் தோளில் கட்டிக்கொண்டு போனார். நம் பக்கம் இருந்த ஒரே பலம் தமிழ். யார் எந்தப் பக்கம் ஓடுவது என்பதை நடு மைதானத்தில் உரக்கக் கத்தியே முடிவு செய்வார்கள். சிப்பாய்களுக்கு ஒன்றும் புரியாது. புரியாமலே அமுக்கினார்கள்.

அந்த சீசன் முழுக்கத் தோல்விதான். ஜெயிக்கும் ஆசையைச் சீக்கிரமே விட்டுவிட்டார்கள். ஒரே ஒரு தடவை அந்தக் கோட்டைத் தாண்டினால் போதும் என்பதே அண்ணனின் ஆசை. பந்தை எறிகிறவர் அவருடைய உயிர் நண்பர் ஜாபர், ராயப்பேட்டைத் தோல் வியாபாரி வீட்டுப் பிள்ளை. பிடிக்க வேண்டியவர் அண்ணன்.

கடைசி ஆட்டம் ஐப்பசி மழையில் நடந்தது. நானும் அம்மாவும் குடையோடு போயிருந்தோம். அண்ணன் எல்லாரையும் ஏமாற்றிவிட்டு ஓடிக் கோட்டுக்கு அருகே போய்த் திரும்பி, இரு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றார். சுற்றிலும் ஒருவரும் இல்லை. ஜாபர் கையை ஓங்கினார். எறிவதற்குள் இரண்டு பேர் அவர்மேல் விழுந்தார்கள். ஆட்டம் முடிந்ததென்று ஊதல் ஒலித்துவிட்டது. எல்லாரும் கலைந்த பிறகும் அண்ணன் நீட்டிய கையோடு அங்கேயே நின்றிருந்தார்.

ஜாபர் சேற்றோடு வந்து தோளில் தட்டினார். "அடுத்த சீசன்ல கண்டிப்பா போடறேன்டா. நீ இதே எடத்துல நில்லு."

அடுத்த சீசன் வரவில்லை. யுத்தம் முடிந்து சிப்பாய்கள் ஊர் திரும்பினார்கள். பேராசிரியரும் பந்தை அண்ணனிடம் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார். நாடு பிரிந்தபோது ஜாபரின் குடும்பம் கராச்சிக்குப் போயிற்று. அண்ணனுக்குத் தேனாம்பேட்டையில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலை. அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச இந்தப் பெரிய ஊரில் அவருக்கு ஒருவருமில்லை. அவருடைய தனிமை எங்களுக்குத் தெரியும். அதற்கு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

மாலையில் பந்தோடு நொச்சிக்குப்பம் கடற்கரைக்குப் போவார். மணலில் தானே எறிவார், தானே நடந்து போய் எடுப்பார், திரும்பி எறிவார். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த மீனவர் ஏழுமலை ஒருநாள் கேட்டே விட்டார்.

"இன்னா சார், நீயே போட்டுக்கினு நீயே போய் எட்த்துக்கினு வர்றே? கூட ஆளு யாரும் இல்லியா?"

"இருந்தாங்க" என்றார் அண்ணன்.

அன்றிலிருந்து ஏழுமலை பிடித்தார். ஆனால் திருப்பி எறிய மட்டும் அண்ணன் விடமாட்டார். "கையில கொண்டாந்து குடுப்பா. எனக்குப் போட வேண்டியவன் வேற ஒருத்தன்" என்பார். அந்த மனிதரும் ஒவ்வொரு முறையும் மணலில் நடந்து வந்து கொடுத்தார்.

பிறகு இருமல் வந்தது. க்ஷயம் என்றார் டாக்டர். பின்கட்டு அறையில் தனிக் கட்டில், தனித் தட்டு. யாரும் நெருங்கக் கூடாதென்று உத்தரவு. சாப்பாட்டை வாசற்படியில் வைத்துவிட்டு நான் நகர்ந்துகொள்வேன். உறவினர்கள் தெருக்கதவோடு நின்று விசாரித்துவிட்டுப் போனார்கள். நான் யாரையும் குறை சொல்லவில்லை, அப்படிப்பட்ட நோய் அது. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிவிட்டுக் கூரையைப் பார்த்தபடி படுத்திருப்பார்.

பங்குனியில் ஒரு நண்பகல் ஏழுமலை வீடு தேடி வந்தார். "சார அந்தாண்ட பாக்கவே முடியலியே, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" விஷயத்தைச் சொல்லி, உள்ளே போக வேண்டாம் என்று அம்மா தடுத்தார். அவர் அறை வாசலில் நின்றார். அண்ணன் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். பந்தை எடுத்து வரச் சொன்னார். பரண்மேல் இருந்ததை எடுத்து ஏழுமலையிடம் கொடுத்தேன்.

"போடு ஏழுமலை."

"நான் போடக்கூடாதுன்னு சொல்லிக்கினு இருந்தியே சார்?"

"பரவாயில்ல. போடு."

வாசலிலிருந்து பந்து வந்தது. அத்தனை மாதங்களாக யாரும் தாண்டாத அந்த இடைவெளியைத் தாண்டி வந்தது. அண்ணன் இரு கைகளாலும் பிடித்து மார்போடு அணைத்துக்கொண்டார். இருமி ஓய்ந்த பிறகு, "ரொம்ப நேரம் மழையில நின்னுட்டேன், ஏழுமலை" என்றார்.

"இன்னா சார், வெளியே வெயில் கொளுத்துது."

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். அந்த வாரமே அவர் காலமானார்.

மருந்து தந்த டாக்டருக்கும், தெருக்கதவோடு நின்றாலும் தவறாமல் விசாரித்த உறவினர்களுக்கும், பாடை தூக்க முதல் ஆளாய்த் தோள் கொடுத்த ஏழுமலைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கராச்சிப் பக்கம் போகிறவர்கள் உங்களில் யாராவது இருந்தால் இந்த மலரில் ஒன்றை எடுத்துப் போங்கள். அங்கே ஜாபரைப் பார்த்தால், பந்து வந்து சேர்ந்துவிட்டது, இனி அவர் அதை நினைத்து வருந்த வேண்டாம் என்று சொல்லுங்கள்.