லாரி இடித்ததாகச் சொன்ன கூத்துக் கலைஞர்

“இந்த கிளைமை ரிஜெக்ட் பண்ணிடலாம் மேடம். ஆளு கதை விடறாரு.”

வேங்கிக்காலில் இருந்த எங்கள் இன்சூரன்ஸ் கிளையில், மேனேஜர் இப்படிச் சொல்லிக்கொண்டே ஒரு ஃபைலை என் மேஜையில் வைத்தார். அடி அண்ணாமலையைச் சேர்ந்த வேடியப்பன் என்ற தெருக்கூத்துக் கலைஞர் எடுத்திருந்த விபத்து பாலிசி அது. மொபெட்டிலிருந்து விழுந்து காலர் எலும்பு முறிந்திருந்தது. போனில் தகவல் கொடுத்தபோது லாரி இடித்துவிட்டதாகச் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரிப் பேப்பரிலோ வண்டியிலிருந்து விழுந்தார் என்று மட்டும் இருந்தது.

அடிபட்டவர்களை நேரில் பார்த்து ஸ்டேட்மென்ட் வாங்குவதுதான் அப்போது என் வேலை. “ஒரு தடவ பேசிட்டு வந்துடறேன் சார்” என்று கிளம்பினேன்.

இன்சூரன்ஸ் ஆபீசர் வந்திருக்கிறார் என்றதும் அந்தத் தெருவே வேடியப்பன் வீட்டு வாசலில் கூடிவிட்டது. கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. இடது கை கழுத்தில் கட்டிய துணியில் தொங்க, எழுந்து நின்று ஒற்றைக் கையாலேயே நடித்துக் காட்டினார்.

“மலையே பேந்து வர்ற மாதிரி வந்துச்சும்மா லாரி! ஹாரன் கெடையாது. நான் இந்தாண்ட சாஞ்சேன், அது அந்தாண்ட பாஞ்சுது!”

“வண்டி நம்பர் பாத்தீங்களா?”

“அந்த வேகத்துல நம்பர் எங்கம்மா தெரியும்!”

“வலி எப்படிங்க இருக்கு?”

“வலியா? ராஜா வேஷம் கட்டற ஒடம்பும்மா இது. கொசு கடிச்ச மாதிரிதான்.”

கூடியிருந்தவர்கள் ரசித்தார்கள். எனக்குத்தான் கவலை. விபத்தைப் பெரிதாக்குகிறார், வலியை மறைக்கிறார். இதை அப்படியே எழுதிக் கொடுத்தால் கிளைம் அன்றோடு முடிந்துவிடும். கூத்து நடக்கும் மாதங்களில் வீட்டில் முடங்கிக் கிடப்பவருக்கு வேறு வருமானமும் கிடையாது.

எழுதியதை உரக்கப் படித்துக் காட்ட ஆரம்பித்தேன். அவர் மனைவி பச்சையம்மா காபியோடு வெளியே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“லாரியா? எந்த லாரி? ஆடு குறுக்க வந்துச்சு, வண்டிய ஒடிச்சேன், விழுந்துட்டேன்னுதானே எங்கிட்ட சொன்ன?”

கூட்டத்திலிருந்து பக்கத்து வீட்டுக்காரி குரல் கொடுத்தாள். “எங்க ஆடுதாம்மா! நான் பாத்துனுதான் இருந்தேன். அதுகூட பயந்துபோய் அன்னிக்கெல்லாம் தழையே தின்னல.”

தெரு முழுக்கச் சிரிப்பு வெடித்தது. வேடியப்பன் முதலில் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அவராலும் அடக்க முடியவில்லை.

“அய்யோ, சிரிக்க வெக்காதீங்கப்பா! எலும்புல சுரீர்ங்குது!”

அந்த இடத்தில் பிடித்துக்கொண்டேன். “எங்க வலிக்குது? எப்பல்லாம் வலிக்குது?”

சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, இடப்பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை, கையை மார்புக்கு மேல் தூக்க முடியவில்லை என்று ஒவ்வொன்றாக வந்தது. “குளிப்பாட்டி வுடறதே நான்தாம்மா” என்றார் பச்சையம்மா.

“ராஜா வேஷக்காரன் ஆட்டுக்கு விழுந்தான்னா ஊரு சிரிக்காதாம்மா?” என்றார் வேடியப்பன் மெதுவாக.

“லாரின்னாலும் ஆடுன்னாலும் எங்க பாலிசிக்கு விபத்துதாங்க. ஆனா ரெண்டு எடத்துல ரெண்டு விதமா சொன்னா நெஜத்தையும் நம்ப மாட்டாங்க.”

“அப்ப என்னதாம்மா சொல்லணும்?” என்று கேட்டார் பச்சையம்மா.

“எங்க, எப்படி விழுந்தாரு, எந்த டாக்டர் பாத்தாரு, என்ன வேலை செய்ய முடியல, அதச் சொல்லுங்க. அதே தோள்ல பழைய அடி இருந்தா மறைக்காதீங்க. தெரியாததுக்குத் தெரியாதுன்னே சொல்லுங்க. நல்லாயிடுச்சுங்கறத டாக்டர் சொல்லட்டும். எழுதினதப் படிக்காம மட்டும் கையெழுத்துப் போட்டுடாதீங்க. ஒரு காப்பியும் கேட்டு வாங்கிக்கங்க.”

பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினோம். வெட்கப்பட்டுத்தான் போனில் லாரி என்று சொன்னேன் என்பதையும் அவர் வாயாலேயே சொல்லிச் சேர்த்தார். பக்கத்து வீட்டுக்காரி சாட்சி. மேனேஜர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்துச் சிரித்தார். “இத எவனும் கற்பனை பண்ணி எழுத முடியாது மேடம்” என்று சொல்லி கிளைமுக்குச் சம்மதித்தார்.

சில மாதம் கழித்து வேறொரு வேலையாக அந்தப் பக்கம் போனபோது, கோயில் மைதானத்தில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. வேடியப்பன் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி ஒரு சுற்று சுற்றி நின்றார். பஸ்ஸுக்கு நேரமாகியும் நான் நகரவில்லை. நான் ஃபைலை மூடியது எத்தனையோ முறை. அன்றுபோல் கை தட்டியது அபூர்வம்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அடிபட்டவர் தரும் முதல் பதில் பெரும்பாலும் ஊருக்காகச் சொல்வது. அதை எழுதிக்கொண்டு எழுந்து வந்துவிடாதீர்கள். இரண்டாவது பதில் வரும்வரை உட்கார்ந்திருங்கள்.