அண்ணனுக்காக மெதுவாக்கிய மோட்டார்

மிக்ஸி மோட்டாருக்குப் பொறுமை என்பதே கிடையாது. தேங்காய்ச் சில்லை நொடியில் மாவாக்கப் பிறந்தது அது. சுவிட்சைத் தட்டினால் மேசையோடு சேர்ந்து குதிக்கும். அதை வைத்து நூல் சுற்றலாம் என்று எனக்குத் தோன்றியதற்கு ஒரே காரணம், திருவொற்றியூர் காயலான் கடையில் ஓடுகிற நிலையில் அது ஒன்றுதான் கிடந்தது.

அண்ணனுக்காகத்தான் அந்த வேலையில் இறங்கினேன். காசிமேட்டில் விசைப்படகு ஓட்டியவன் அவன். கைநடுக்கம் வந்து படகை விட்டு இறங்கிவிட்டான். நரம்பு வியாதி, மாத்திரையால் கொஞ்சம் தள்ளிப்போடலாம், நிறுத்த முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அண்ணி அங்கேயே அழுதாள். அண்ணன் கேட்டது ஒன்றுதான்: இனிமேல் படகில் ஏற முடியுமா? முடியாது என்றதும் வீட்டுக்கு வந்தவன், பல நாள் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான்.

அப்போது மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கட்டிக் கிடக்க, ஆட்கள் கொட்டகையில் உட்கார்ந்து வலையின் கிழிசலைத் தைப்பார்கள். பெரிய நைலான் நூற்கண்டிலிருந்து நூலைப் பிரித்து, மடியில் வைத்துக்கொள்ளத் தோதாகச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளில் யாராவது சுற்றித் தரவேண்டும். உடம்புக்கு முடியாமல் கரையில் தங்கிவிட்டவர்களுக்கு அந்த வேலையைக் கொடுப்பது அங்கே வழக்கம். வீட்டிலிருந்தே தானே சுற்றித் தருவதாக அண்ணன் தன் பழைய படகு ஆட்களுக்குச் சொல்லி அனுப்பிவிட்டான். சொன்ன பிறகுதான் தெரிந்தது, அவன் விரலால் நூலைப் பிடித்திருக்க முடியுமே தவிர, சுற்ற முடியாது. ஆலை மூடியதால் வேலையில்லாமல் வீட்டில் கிடந்த பிட்டர் நான். என் பக்கம் திரும்பி, "எதுனா பண்ணுடா" என்றான். அந்தப் படகோடு அவனுக்கு மிச்சமிருந்த ஒட்டுறவு இந்த நூல்தான். அதுவும் போனால் மறுபடி சுவர்தான்.

முதலில் நான் செய்தது சுத்த மடத்தனம். ஃபேன் ரெகுலேட்டரை மோட்டாரோடு சேர்த்தேன். வேகம் குறைந்தது, கூடவே இழுவையும் போய்விட்டது. அண்ணன் நூலைச் சற்று இறுக்கிப் பிடித்தால் போதும், மோட்டார் உறுமிக்கொண்டு நின்றுவிடும். தளர்த்தினால் பேய் பிடித்ததுபோலக் கிளம்பும். ஒருமுறை நூல் அவன் விரலை அறுத்து ரத்தம் வந்துவிட்டது. இத்தனை வருஷம் பிட்டராக என்னத்தைக் கிழித்தோம் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

பிறகுதான் உறைத்தது: மோட்டாரை அதன் இஷ்டத்துக்கு ஓடவிட்டு, சக்கரத்தை வைத்துத்தான் அதை அடக்க வேண்டும். மோட்டாரின் மூக்கில் ஒரு சின்னப் புல்லிச் சக்கரம். அதிலிருந்து பெல்ட் போட்டு ஒரு பழைய சைக்கிள் ரிம். ரிம்மின் அச்சில் இன்னொரு சின்னப் புல்லி, அதிலிருந்து தையல் மெஷினின் அடிச்சக்கரம், அதன் அச்சில் நூல் சுற்றும் குழாய். சின்னது பல சுற்றுச் சுற்றினால்தான் பெரியது ஒரு சுற்று வரும். வேகம் அடங்கியது. நூலை எவ்வளவு இறுக்கினாலும் குழாய் நிற்காமல் சுற்றியது.

"இப்பத்தான்டா ஒயுங்கா கீது" என்றான் அண்ணன். சாயங்காலம் ஆட்டோவில் வந்து குழாய்களை எடுத்துப் போகிறவர்களிடம் எந்த வலை, எங்கே கிழிந்தது என்று விசாரிப்பான். சோறு கூடுதலாக இறங்கியது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

மழைக்காலம் வந்தபோது மெஷின் வேகமாக ஓடுகிறது என்று அண்ணன் சொன்னான். பெல்ட்டைப் பார்த்தேன், கரண்டைப் பார்த்தேன். எதுவும் மாறவில்லை. மெஷின் அதே வேகத்தில்தான் ஓடியது. அவன் விரல்தான் பின்தங்கிவிட்டது. அதை எப்படிச் சொல்வது? பெல்ட் இறுகிவிட்டது என்று ஒரு கதையை விட்டுவிட்டு, இன்னொரு சக்கரத்தைச் சேர்த்தேன். பொங்கலுக்குப் பிறகு மறுபடி அதே புகார். மறுபடி ஒரு சக்கரம். அறையில் கால் வைக்க இடமில்லை, இது வீடா பட்டறையா என்று அண்ணி சலித்துக்கொண்டாள். குழாய் ஒருமுறை திரும்புவதற்குள் ஒரு வாய் டீ குடித்துவிடலாம் என்கிற அளவுக்கு வந்துவிட்டது. நோய் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதை டாக்டரைக் கேட்கவே வேண்டாம், சக்கரத்தை எண்ணினால் போதும். அந்த மெஷினைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலாக வந்தது.

அடுத்த தடைக்காலத்தில் ஒருநாள் ஆட்டோ வரவில்லை. குழாய்களைப் பையில் போட்டுக்கொண்டு நானே காசிமேட்டுக்குப் போனேன். கொட்டகையின் ஓரத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் அண்ணன் சுற்றிய குழாயிலிருந்து நூலைப் பிரித்துவிட, மற்றவர் அதை வேறு குழாயில் இறுக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இருவர் கையும் நின்றது. இருவரில், படகில் இன்ஜின் பார்க்கிறவர்தான் பேசினார்.

"லூசா கீதுப்பா. தைக்கசொல்லோ சிக்கு வுயுது. அண்ணனாண்ட சொல்லிடாத."

ரொம்ப நாளாக இப்படித்தானாம். கோபப்பட ஆள் கிடைத்தால் நன்றாக இருந்திருக்கும். அவர்கள் மேல் என்ன கோபம்? திரும்பும் வழியில் பஸ் டோல்கேட்டில் நெரிசலில் நின்றபோது அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததும், என்ன சொன்னார்கள் என்று அண்ணன் கேட்டான். நன்றாக இருக்கிறதாம் என்றேன். அவன் குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பொய் சொல்லாத. பிரிச்சுத்தான் சுத்துறானுங்கோ. எனுக்குத் தெரியும். எங்க படகுல முன்னாடி ஓட்டுனாரே ஒரு பெருசு, அவுரு சுத்துனத நானே எத்தினி தபா பிரிச்சிருப்பேன்."

கையிலிருந்த பையைக் கீழே வைத்தேன். மோட்டார் அதன் பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது. அண்ணன் நூலை விட்டுவிட்டு, நடுங்கும் கையை மடியில் வைத்துக்கொண்டான்.

"இன்னும் கொஞ்சம் ஸ்பீடக் கம்மி பண்ணுடா. சிக்கு வுயாம சுத்திக் குடுத்துட்டா, பிரிக்கிறவனுக்காவது சுளுவா இருக்கும்."

சுவிட்சை அணைத்துவிட்டு, இன்னொரு சக்கரத்தைச் சேர்ப்பதற்காகப் பெல்ட்டைக் கழற்ற உட்கார்ந்தேன்.