அணைக்கு ஒரு தலைச்சன் பிள்ளை

பேரன் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அணைக்குப் போகலாம் என்கிறான். நான் மூட்டுவலி, வெயில், பஸ் இல்லை என்று சாக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

கல்வராயன் மலையடிவாரத்தில் அந்த அணையைக் கட்டியபோது எனக்கு ஏழு வயது. கரை நிற்க ஒரு தலைச்சன் பிள்ளையைப் பலி கொடுப்பார்கள் என்று பள்ளிக்கூடத்தில் பேசிக்கொண்டார்கள். உடம்பில் பழுது இருக்கக் கூடாதாம். எங்கள் தெருவில் தலைச்சன் பையன்கள் நான்கு பேர். ஒருவனுக்குக் கால் வளைந்திருந்தது. ஒருவனுக்கு நெற்றியில் தழும்பு. மூன்றாமவனை அவன் மாமன் நைனார்பாளையத்துக்கு அழைத்துப் போய்விட்டார். மிச்சம் நான்.

அப்பா அந்த அணையில்தான் மண் சுமந்தார். ஒருநாள் காலையில் எனக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டச் சொன்னார். பொங்கல் சட்டையைப் போட்டுவிட்டார். அம்மா நெற்றி நிறையத் திருநீறு பூசினாள். கோயில் கிடாவையும் இப்படித்தான் குளிப்பாட்டிக் கூட்டிப் போவார்கள்.

"எங்கப்பா போறோம்?"

"கம்முனு வா. மேஸ்திரி உன்னப் பாக்கணுமாம்."

வழியெல்லாம் அவர் என் கையை விடவில்லை.

கரைமேல் இருந்தவர்கள் கூடையை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்கள். மேஸ்திரி என் தாடையைப் பிடித்துத் தூக்கினார்.

"இவன்தான் தலைச்சனா? நல்லாத்தான் வளத்துக்கினு இருக்கற."

"ஆமாங்க. நல்லா படிக்கிறான். உங்ககிட்ட காட்டிட்டுப் போலாம்னுதான்."

"சரி, அந்த மதகாண்ட குந்த வையி. வேல முடியட்டும்."

மதகு பாதிதான் எழும்பியிருந்தது. அதன் அடியில் பெரிய குழி. அப்பா ஈர மண்கூடையைத் தலையில் ஏற்றினார். சேறு முகத்தில் வழிய, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நான் ஓடினேன். சோளக்காட்டில் விழுந்து முழங்கால் கிழிந்தது. உடம்பில் பழுது வந்துவிட்டது என்று கொஞ்சம் தெம்பாக இருந்தது.

சாயங்காலம் அப்பா சோற்றைப் பிசைந்தபடியே அம்மாவிடம் சொன்னார்: "அப்பன் சேறும் சகதியுமா நிக்கறதப் பாத்துட்டு, கூசிப்போயி ஓடிட்டான். இனிமே அவன எங்கயும் கூப்புடல. வுடு."

கூப்பிட மாட்டேன் என்று சொன்னது மட்டும்தான் என் காதில் நின்றது.

சொன்னபடியே இருந்தார். என் சோற்றுத் தூக்கைக் கொண்டுவந்தாலும் பள்ளிக்கூட வேலிக்கு அப்பாலேயே நின்று வேறு பையனிடம் கொடுத்தனுப்புவார். பையன்களோடு நான் தெருவில் வந்தால், தலைத்துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு எதிர்ப்பக்கம் ஒதுங்கிப் போய்விடுவார். அவர் முதுகு மறையும்வரை பார்த்துக்கொண்டே நிற்பேன். பிறகுதான், இன்றைக்கும் தப்பித்தோம் என்று மூச்சு விடுவேன்.